தோலிலா, தசையிலா?

கேள்வி: என் மகனை நாய் கடித்ததற்கு அரசு மருத்துவமனையில் இரு கைகளிலும் தோலில் சிறிதளவே ஊசி போட்டார்கள். தனியார் கிளினிக்கில் தசையில் முழு அளவும் போடுவார்களாமே, அங்கே மாறலாமா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மாற வேண்டாம், அம்மா. தோலில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் செல்கள் நிறைந்திருப்பதால், இரண்டு இடங்களில் 0.1 மி.லி. வீதம் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படும் ஊசி, தசையில் 0, 3, 7, 14, 28ஆம் நாள்களில் போடப்படும் ஊசிக்கு இணையான பாதுகாப்பைத் தருகிறது. குறைந்த மருந்தில் பலரைக் காக்கும் இந்த முறையைத் தரக்குறைவாக எண்ணாதீர்கள். எந்த முறையில் போட்டாலும், பிட்டத்தில் போடவே கூடாது. ஊசியின் வழியைவிட எனக்குள்ள பெரிய கவலை வேறு: ரத்தம் கசிந்த காயமானால், காயத்தைச் சுற்றிச் செலுத்தப்படும் இம்யூனோகுளோபுலின் (வெறிநாய்க்கடிக் கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) போடப்பட்டதா என்று இன்றே கேளுங்கள், முதல் ஊசியிலிருந்து 7 நாள்களுக்குள்தான் அதைப் போட முடியும்.