ஜோனி மிட்செல்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பதினைந்து வருடமாக கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். 1943-ல் கனடாவில் பிறந்த பாடகி ஜோனி மிட்செலைப் பற்றி மாணவர்கள் கேட்காத வாரம் இல்லை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அக்கா, அவர் பாட்டை வீடியோ பார்த்து வாசிக்கிறேன். கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்களின் கூட்டு) ஒன்றுகூடப் பொருந்தவில்லை. என் கிட்டாரில் கோளாறா?

கிட்டாரில் கோளாறே இல்லை, தம்பி. அவருடைய தந்திகளின் சுருதி வேறு. ஒன்பது வயதில் அவருக்குப் போலியோ வந்தது. அதன்பின் இடது கையில் முழு பலம் இல்லை. வழக்கமான சுருதியில் சில கார்டுகளைப் பிடிக்க நான்கு விரலும் நெளிந்து வளைய வேண்டும். அது அவருக்குக் கஷ்டம். அதனால் விரல் செய்ய வேண்டிய வேலையில் பாதியைத் தந்திக்கே கொடுத்துவிட்டார். விரலே வைக்காமல் திறந்த தந்திகளை மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி சுருதியை மாற்றிவைத்தார். இப்படி 50-க்கும் மேற்பட்ட சுருதி அமைப்புகளைப் பயன்படுத்தியிருக்கிறார். கை வராததற்குக் கண்டுபிடித்த வழி, யாரிடமும் இல்லாத ஒலியாக ஆகிவிட்டது. என்னை அவர் பக்கம் இழுத்ததே இதுதான்.

கேள்வி: தொடங்குவதற்கு எளிதாக ஒரு சுருதி சொல்லுங்கள்.

ஆறாம் தந்தியையும் முதல் தந்தியையும் 'ஈ'யிலிருந்து 'டி'க்கு இறக்குங்கள். இரண்டாவதை 'ஏ'வுக்கு. மூன்றாவதை அரை ஸ்வரம் மட்டும். நான்கையும் ஐந்தையும் தொடவே வேண்டாம். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது ச ப ச க ப ச. காந்தாரம், அந்தர காந்தாரம். அப்புறம் ஒரே விரலைக் குறுக்கே வைத்து நகர்த்திப் பாருங்கள், அவருடைய 'பிக் யெல்லோ டாக்ஸி' பாட்டு கிட்டத்தட்ட வந்துவிடும்.

கேள்வி: அவர் பாட்டு சந்தோஷமா, சோகமா என்றே பிடிபடுவதில்லை. ஏன்?

மேஜர் கார்டு தெளிவாகச் சிரிக்கும், மைனர் தெளிவாக அழும். ஜோனியின் கார்டுகள் பலவற்றில் அந்த முடிவைச் சொல்லும் காந்தாரமே இருக்காது. அல்லது அதன் பக்கத்தில் இன்னொரு ஸ்வரம் உட்கார்ந்து உறுத்தும். தன் கார்டுகளுக்குள் ஒரு கேள்விக்குறி இருப்பதாக அவரே சொல்லியிருக்கிறார். வரிகளும் அப்படித்தான். காதலிப்பதா, கிளம்பிப் போவதா என்று முடிவெடுக்காத பெண்தான் பாதிப் பாடல்களில் பேசுகிறாள்.

கேள்வி: 'ப்ளூ' ஆல்பத்தை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், மேடம்? சொந்தக் கதையைப் பாடுவது பெரிய விஷயமா?

இன்று பெரிய விஷயமாகத் தெரியாது. 1971-ல் அது பெரிய விஷயம். தன் பொறாமையை, தனிமையை, பிரிந்து வந்ததில் இருந்த சுயநலத்தை ஒரு பெண் பூசி மெழுகாமல் பாடினார். உனக்கென்றும் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள் என்று சக பாடகர் ஒருவரே சொல்லும் அளவுக்கு இருந்தது.

அதில் 'லிட்டில் கிரீன்' என்று ஒரு பாட்டு. 1965-ல் கையில் காசில்லாமல், துணையில்லாமல் பெற்ற மகளை ஜோனி தத்துக் கொடுத்துவிட்டார். அந்தக் குழந்தைக்கான பாட்டு அது. கேட்டவர்களுக்கு அன்று அது தெரியாது. 1997-ல்தான் தாயும் மகளும் சந்தித்தார்கள். இது தெரிந்தபின் அந்தப் பாட்டை வகுப்பில் என்னால் சாதாரணமாக வாசிக்க முடிவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'எ கேஸ் ஆஃப் யூ' உட்பட அந்த ஆல்பத்தின் சில பாடல்களில் அவர் வாசிப்பது கிட்டார் இல்லை, மடியில் வைத்து வாசிக்கும் டல்சிமர் என்ற தந்தி வாத்தியம். ஐரோப்பாவில் சுற்றியபோது அதைக் கூடவே எடுத்துப் போனார்.

கேள்வி: வுட்ஸ்டாக் பாட்டை எழுதினாரே, அங்கே பாடினாரா?

இல்லை. மறுநாள் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி இருந்ததால் 1969-ல் அமெரிக்காவில் நடந்த அந்த வுட்ஸ்டாக் இசை விழாவுக்கே போகவில்லை. நியூயார்க்கில் தங்கி, செய்திகளில் பார்த்துப் பார்த்து எழுதினார். போக முடியாத ஏக்கம் பாட்டில் கேட்கிறது.

கேள்வி: ஜாஸ் பக்கம் போய்த் தன்னைக் கெடுத்துக்கொண்டார் என்கிறார் என் அப்பா.

அப்பாவிடம் 1976-ல் வந்த 'ஹெஜிரா' ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஜாஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸின் பேஸ் கிட்டார் தாளத்துக்கு அடியில் அடங்கிக் கிடக்காமல் ஜோனியின் குரலோடு பேசிக்கொண்டே வரும். எனக்கு அவருடைய உச்சம் அதுதான். ரசிகர்கள் குறைந்தார்கள், உண்மை. ஆனால் 1977 ஆல்பத்தின் அட்டையில் முகத்தில் கறுப்பு பூசி, கறுப்பின ஆண் வேடத்தில் நின்றாரே, அது தவறு. அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் நான் அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

கேள்வி: அவருடைய தாக்கம் யார் யாரிடம் தெரிகிறது?

அமெரிக்கப் பாடகர் பிரின்ஸ் அவருடைய தீவிர ரசிகர். 'எ கேஸ் ஆஃப் யூ'வைப் பாடிப் பதிவும் செய்தார். பாப் பாடகி ஜேனட் ஜாக்சன் 1997-ல் 'பிக் யெல்லோ டாக்ஸி'யின் குரலையே எடுத்துத் தன் பாட்டில் வைத்தார். ஜாஸ் மேதை ஹெர்பி ஹான்காக் ஜோனியின் பாடல்களை வைத்துச் செய்த ஆல்பத்துக்கு 2008-ல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி கிடைத்தது.

கேள்வி: முதலில் எதைக் கேட்பது?

'போத் சைட்ஸ் நவ்'. முதலில் 1969 பதிவு. இருபதுகளில் இருந்த பெண், மெல்லிய உச்சக்குரல். பிறகு 2000-ல் ஆர்கெஸ்ட்ராவோடு பாடியது. குரல் இறங்கிக் கரகரத்திருக்கும், அதே வரிகளுக்கு இப்போது எடை வந்திருக்கும். அடுத்து 2022-ல் அமெரிக்காவின் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடியது. 2015-ல் மூளை ரத்தக்குழாய் வெடித்து, நடக்கவும் பேசவும் புதிதாகக் கற்றுக்கொண்டு, 78 வயதில் நாற்காலியில் உட்கார்ந்து பாடினார். அன்று கிட்டாரும் வாசித்தார். விரலை எங்கே வைப்பது என்பதே மறந்துபோயிருந்ததால், தன் பழைய வீடியோக்களைப் பார்த்துத்தான் திரும்பக் கற்றாராம்.