கஞ்சாவுக்கு யாரும் அடிமை ஆவதில்லையா?

கேள்வி: எனக்கு வயது 29. ஆறு வருடமாகத் தினமும் ராத்திரி தூங்கப் போகும் முன் கஞ்சா பிடிக்கிறேன். வேலைக்கு ஒழுங்காகப் போகிறேன், குடிப்பதில்லை. போன மாதம் விட்டுப் பார்த்தேன். மூன்று ராத்திரி தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மனைவியிடம் எரிந்து விழுந்தேன். நான்காம் நாள் மறுபடி ஆரம்பித்துவிட்டேன். "அது வெறும் செடி, அதற்கு யாரும் அடிமை ஆவதில்லை" என்கிறார்கள் நண்பர்கள். குடிகாரனுக்கும் எனக்கும் வித்தியாசமே இல்லை என்கிறாள் மனைவி. யார் சொல்வது சரி?

பதில்: அன்புள்ள தம்பி,

நண்பர்கள் சொல்வது தவறு. அந்த ஒரு பேச்சை நம்பித்தான் ஆறு வருடம் ஓடியிருக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த மூன்று ராத்திரிகளைப் பற்றிப் பேசுவோம். கஞ்சாவில் உள்ள டிஎச்சி என்ற பொருள் மூளையில் ஏற்பிகள் எனப்படும், ரசாயனச் செய்திகளை வாங்கும் சில இடங்களில் போய் உட்காருகிறது. தினமும் அது வந்துகொண்டே இருந்தால் மூளை அந்த ஏற்பிகளைக் குறைத்துக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தும்போது அந்தக் குறைவுதான் எரிச்சலாக, பதற்றமாக, தூக்கமின்மையாக, பசியின்மையாக வெளியே தெரிகிறது. பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளுக்குள் தொடங்கி, முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கமும் விசித்திரமான கனவுகளும் மட்டும் இன்னும் சில வாரம் தொல்லை கொடுக்கலாம். நீங்கள் கைவிட்டது சரியாக ஏற்றத்தின் நடுவில். உங்களுக்கு மன உறுதி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

டிஎச்சி உடலின் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் குடியை விட்டவருக்கு வருவது போன்ற கை நடுக்கமும் வலிப்பும் இதில் பொதுவாக இருப்பதில்லை. கண்ணுக்குப் பெரிதாக எதுவும் தெரியாததால்தான் 'கஞ்சாவுக்கு விலகல் அறிகுறிகள், அதாவது விட்டதும் வரும் அவஸ்தைகள், கிடையாது' என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில்கூட 2013 பதிப்பில்தான் அது இடம்பிடித்தது. அதே கையேடு இந்தப் பழக்கத்தை அடையாளம் காண 11 அறிகுறிகளைச் சொல்கிறது; ஒரு வருடத்துக்குள் இரண்டு இருந்தாலே அது கோளாறுதான். விட நினைத்து முடியாமல் போனது ஒன்று, விட்டதும் வந்த அவஸ்தை இன்னொன்று. உங்கள் கடிதத்திலேயே இரண்டும் இருக்கின்றன. மற்றதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் போதுமாக இருந்த அளவு இன்றும் போதுமா? பொட்டலம் தீரப்போகிறது என்று தெரிந்தால் மனம் வேறு எதிலாவது நிற்கிறதா? அது கிடைக்காது என்பதற்காகவே ஏதாவது பயணத்தைத் தவிர்த்திருக்கிறீர்களா?

சரி, குடியோடு ஒப்பிடலாமா? ஓரளவுக்கு உங்கள் மனைவி மிகைப்படுத்துகிறார். அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், ஒருமுறையாவது தொட்டவர்களில் அடிமையானவர்கள் புகையிலையில் நூற்றுக்குச் சுமார் 32, மதுவில் 15, கஞ்சாவில் 9 பேர். ஹெராயின் அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும். மூச்சை நடத்தும் மூளைத்தண்டில் கஞ்சாவுக்கான ஏற்பிகள் மிகக் குறைவு, அதனால் அந்த ஆபத்து இதில் இல்லை. ஆனால் அந்த 9 பேர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அது ஒரே ஒருமுறை இழுத்துப் பார்த்தவரையும் சேர்த்த கணக்கு. தினமும் பிடிப்பவர்களிடம் விகிதம் பல மடங்கு அதிகம். 'அதைவிட இது பரவாயில்லை' என்பது உண்மையாகவே இருக்கட்டும், அதனால் உங்கள் வீட்டு ராத்திரி மாறிவிடாதே.

இன்னொன்று: புகையிலை கலந்து பிடிக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் விடவேண்டியது இரண்டு பொருள்கள். மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கஞ்சா பழக்கத்துக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆனால் மனநல மருத்துவர் அல்லது உளவியல் ஆலோசகர் தரும் பேச்சு வழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. தனியாகப் போராடாமல் ஒருவரைப் பாருங்கள். யாரோ பேசுவது போலக் குரல் கேட்டாலோ, காரணமில்லாத சந்தேகம் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். தூக்கத்துக்காக மதுவைத் தொடாதீர்கள், தூக்க மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள்.

அப்புறம், நிறுத்தும் தேதியை மனைவியிடம் முன்பே சொல்லுங்கள். முதல் வாரம் நான் எரிந்து விழுவேன், அது உன் மேல் உள்ள கோபம் இல்லை என்று சொல்லிவைத்தால் அவருக்கும் தாங்க முடியும். நான்காம் நாள் தாண்டியதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள் தம்பி, காத்திருப்பேன்.