திருகோணமலையில் 3 நாள்: கடலைத் தவிர வேறென்ன இருக்கிறது?

"ஆகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகள், வயதான அம்மா அப்பாவோடு திருகோணமலை போகிறோம். நிலாவெளியில் விடுதி பதிவு செய்தாகிவிட்டது. கடலில் குளிப்பதைத் தவிர அங்கே பார்க்க ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

உண்டு. நாங்களும் ஒரு ஆகஸ்டில்தான் கொழும்பிலிருந்து போனோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், 70 தாண்டிய என் அம்மா.

முதலில் மாதத்தைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். கொழும்புப் பக்கம் கடல் கொந்தளிக்கிற நாட்களில் கிழக்கில் அது தட்டில் ஊற்றிய தண்ணீர் போலக் கிடக்கும். மே முதல் செப்டம்பர் வரை இப்படித்தான். மார்கழியில் போயிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். நிலாவெளியில் வெகுதூரம் நடந்தாலும் தண்ணீர் சிறுவர்களின் இடுப்புக்கு மேல் ஏறாத இடங்கள் இருக்கின்றன. முதல் நாள் முழுவதையும் கடலுக்கே கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் அடுத்த இரண்டு நாளும் எங்கேயும் வரமாட்டார்கள். விடுதியைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. "கடல் தெரியும் அறை" என்று சொன்னால் எந்த ஜன்னலால் தெரியும் என்று கேட்டு வையுங்கள். எங்களுக்குத் தந்த அறையில் கட்டிலில் இருந்தால் ஜெனரேட்டர் கொட்டில்தான் தெரிந்தது. கேட்டதற்கு, குளியலறை ஜன்னலால் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எட்டினால் தெரிந்தது, உண்மைதான்.

நிலாவெளியிலிருந்து படகில் புறாத்தீவுக்குப் போகலாம். பவளப்பாறை, நிறநிறமான மீன், ஆளைக் கண்டால் விலகிப் போகிற சின்னச் சுறாக்கள். காலையில் வெள்ளெனப் போய்விடுங்கள். படகு நன்றாகத் தூக்கிப் போடும், முதுகு வலிக்காரரை ஏற்ற வேண்டாம்.

இரண்டாம் நாள் பின்னேரம் கோணேஸ்வரம், கோட்டைக்குள் பாறையின் மேல் இருக்கிற சிவன் கோயில். ஒரு ஓட்டோ பிடித்தோம். கோட்டை வாசலில் ஓட்டோக்காரர் நிறுத்தி, "அம்மா, உள்ள போக முதல் இந்தக் கல்லைப் பாத்திட்டுப் போங்கோ" என்றார். வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் பாதி சிதைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற அரசன் செய்த கோயில் திருப்பணியைப் பின்னால் பறங்கி வந்து பிரிப்பான், அவனுக்குப் பிறகு பூனைக்கண், செங்கண், புகைக்கண் ஆட்கள் வருவார்கள் என்ற பாட்டு அது என்பார்கள். பறங்கி போர்த்துக்கேயர் என்பதில் தகராறில்லை. மற்றக் கண்களில் எது ஒல்லாந்தருக்கு, எது ஆங்கிலேயருக்கு என்று ஊரில் இரண்டு பேரைக் கேட்டால் மூன்று பதில் வரும். ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வாசலால் போகிறார்கள், நிமிர்ந்து பார்ப்பவர்கள் சிலர்தான். நீங்கள் நின்று பாருங்கள்.

உள்ளே மான்கள் ஆட்களுக்குப் பயமில்லாமல் திரியும். பிள்ளைகளின் கையில் பொலித்தீன் பை இருந்தால் வாங்கி வையுங்கள், அதையும் தின்றுவிடும். மேலே கோயிலுக்குப் போய், "இவ்வளவு புதுசா இருக்கே" என்று ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். நான் முதல் தடவை ஏமாந்தேன். பழைய கோயிலை 1622இல், சித்திரைப் புத்தாண்டன்று, போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சாவின் ஆட்கள் இடித்தார்கள். சுவாமி ஊர்வலமாக வெளியே போயிருந்த நேரம், பிராமணர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. அந்தக் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். அதனால் பழைய கோயிலைத் தேடுகிறவர் நடந்து வந்த வழியிலேயே அதைத் தாண்டி வந்திருப்பார். மிச்சம் கடலுக்குள். 1956இல் முக்குளிப்பாளர் மைக் வில்சனும் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் இந்தப் பாறையின் அடியில் முக்குளித்துக் கோயில் கற்களைக் கண்டார்கள். இன்னொரு விஷயம், இத்தலத்துக்குத் தேவாரம் பாடிய சம்பந்தர் இங்கே வந்ததேயில்லை. இராமேஸ்வரத்தில் நின்றபடி பாடினார் என்பது மரபு.

கோயிலுக்குப் பக்கத்தில் பாறை பிளந்து கடல்வரை இறங்குகிறது. அதுதான் இராவணன் வெட்டு. கம்பராமாயணம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே இராவணன் வேறு ஆள். அவனுடைய தாய் கோணநாதரின் பக்தை. நோயில் விழுந்த அவளால் கோயிலுக்குப் போக முடியாமற் போக, மலையையே அவளிடம் கொண்டு போகலாம் என்று வாளால் வெட்டினானாம். சிவன் விடவில்லை. என் மகன் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துவிட்டு, "வாளால இவ்வளவு ஆழமா வெட்டேலுமா?" என்று கேட்டான். அம்மா, "தாய்க்கெண்டா வெட்டலாம்" என்றார்.

அதே பாறையில் ஒரு ஒற்றைத் தூணும் நிற்கிறது. காதலன் கைவிட்டதால் ஒல்லாந்தப் பெண் ஃபிரான்சினா வான் ரீட் 1687இல் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருகி உருகிச் சொல்வார்கள். அவள் பின்னர் வேறொருவரைத் திருமணம் செய்து வாழ்ந்ததாக ஒல்லாந்தப் பதிவுகள் சொல்கின்றன என்றும் படித்திருக்கிறேன். எனக்கு இந்தக் கதை அவ்வளவு ஒட்டவில்லை. கப்பல் போனதும் குதிக்கிற காதலி எல்லாத் துறைமுகத்துப் பாறைக்கும் ஒருத்தி இருப்பாள். மலையைப் பெயர்க்கிற மகன் இங்கே மட்டும்தான்.

அந்தத் தாயின் கதை பாறையோடு முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் கன்னியா போங்கள், நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் ஓட்டோவில் கொஞ்ச நேரம்தான். சதுரமாகக் கட்டிய ஏழு சின்ன வெந்நீர்க் கிணறுகள். ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. தாய் இறந்துவிட்டாள் என்று கேட்ட இராவணன், அவளுக்குக் கடமை செய்யத் தண்ணீர் வேண்டி நிலத்தில் ஏழு இடத்தில் குத்தினான், ஏழிலும் ஊற்று வந்தது என்பார்கள். அதனால் இறந்தவர்களுக்கான கிரியைகளை இங்கே செய்கிற வழக்கம் தமிழரிடம் இருக்கிறது. தொல்லியல் திணைக்களத்தின் பலகை வேறு வரலாறு சொல்லும். இந்த இடம் யாருடையது என்ற வழக்கு நீதிமன்றம் வரை போனது, அந்த விவாதத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வதென்று நீங்களே தீர்மானியுங்கள்.

நாங்கள் போனது குளிக்கத்தான் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் கணக்கு வேறு. கொரோனா முடக்கத்தில் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் காலமானபோது அம்மாவால் போக முடியவில்லை, கீரிமலையில் செய்ய வேண்டிய கிரியையையும் செய்ய முடியவில்லை. அன்று ஐயர் இல்லை, மந்திரம் இல்லை. வாளியால் ஒவ்வொரு கிணற்றிலும் அள்ளி, தலையில் ஊற்றி, அடுத்ததுக்கு நகர்ந்தார். ஐந்தாவதில் சூடு தாங்காமல் கொஞ்சம் நின்றார். மகன் "அப்பம்மா, போதும்" என்றான். "இன்னும் ரெண்டு இருக்கடா" என்றார்.

இன்னும் நேரம் இருந்தால், பெரியகுளத்துப் பக்கம் வெல்கம் விகாரைக்கும் போய் வாருங்கள். சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று அழைக்கப்பட்ட பௌத்தப் பள்ளி, தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளது. சோழர் காலத்துப் புத்தர் கோயிலில் தமிழ் வாசிப்பது ஒரு தனி அனுபவம், கூட்டமும் இருக்காது. உப்புவெளியில் இரண்டாம் உலகப் போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம் வீதியோரமாகவே இருக்கிறது. 1942 ஏப்ரலில் யப்பானியர் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்டதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அது போதும்.

கன்னியாவுக்குப் போகும்போது மாற்றுத்துணியும் ஒரு சின்ன வாளியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏழரைக்குப் பிறகு பஸ்களில் ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள், உங்கள் அப்பா அம்மா ஆறுதலாக நிற்க முடியாது.