டர்பனில் வேலையில் அடிபட்டால் டாக்டர் ஏன் தயங்குகிறார்?

தம்பி, தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்துப் பைன்டவுன் இரும்புப் பட்டறையில் விரல் நசுங்கியது, முதல் நாள் கட்டுப் போட்டார்கள், இப்போது அறுவை சிகிச்சை என்றதும் "ஐஓடி கேஸ் (வேலையில் பட்ட காயம்) எடுப்பதில்லை, பணம் கட்டுங்கள்" என்கிறார்கள், வெளிநாட்டுக்காரன் என்பதாலா என்று கேட்டிருக்கிறாய். அதனால் இல்லைப்பா. இங்கேயே பிறந்தவர்களுக்கும் இதே பாடுதான். நான் டர்பனில் ஓர் எலும்பு டாக்டரிடம் பல வருடம் பில் போடும் வேலை பார்த்தவள்.

1993-ஆம் ஆண்டின் கொய்டா (வேலைக் காயம், தொழில்நோய் இழப்பீட்டு) சட்டப்படி, வேலையில் பட்ட காயத்துக்கான வைத்தியச் செலவை முதலாளிகள் வருடாவருடம் கட்டும் இழப்பீட்டு நிதி கொடுக்கும். யார் தவறு என்று பார்ப்பதில்லை. அதற்கு ஈடாக, நீ முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. சட்டம் நல்ல சட்டம்தான். பணம்தான் வந்து சேராது. முதலாளி 7 நாளுக்குள் விபத்தை நிதிக்கு அறிவிக்க வேண்டும். அறிவிப்பு போனால்தான் கிளெய்ம் எண் கிடைக்கும். அது இல்லாமல் டாக்டர் எழுதும் அறிக்கையும் பில்லும் அப்படியே கிடக்கும். 2019-இல் காம்ப்ஈஸி என்ற கணினி முறை வந்த பிறகும் எங்களிடம் வருடம் தாண்டிய பில்கள் தேங்கியிருந்தன. சில டாக்டர்கள் அந்தப் பில்களைக் குறைந்த தொகைக்கு இடைநிறுவனங்களிடம் கொடுத்துவிடுவார்கள். சின்ன கிளினிக் நடத்துகிறவர்கள் ஐஓடியே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிசியோதெரபி தள்ளிப்போய் விரல் மடங்காமலே போன தொழிலாளிகளைப் பார்த்திருக்கிறேன், அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

சரி, நீ செய்ய வேண்டியது. இன்றே முதலாளியிடம் கிளெய்ம் எண் கேள். அவர் அறிவிக்கவே இல்லை என்றால் லேபர் ஆபீஸுக்குப் போய் விபத்தை அறிவித்து இழப்பீடு கேட்கும் டபிள்யூசிஎல் 3 படிவத்தை நீயே கொடுக்கலாம். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) கார்டை நீட்டாதே, வேலைக் காயத்தை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. "வீட்டில் விழுந்தேன் என்று சொல்" என்று யார் சொன்னாலும் கேட்காதே. வேலைக்குப் போக முடியாத முதல் மூன்று மாதம் சம்பளத்தில் 75 சதவீதத்தை முதலாளிதான் தர வேண்டும். நிதி அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

இன்னொன்று, இதை அவசியம் விசாரி. இரும்பு, உலோகத் தொழிலில் பதிவான நிறுவனங்கள் 2015 முதல் அந்த நிதிக்குப் பதிலாக ராண்ட் மியூச்சுவல் என்ற தனி இழப்பீட்டு நிறுவனத்தின் கீழ் வருகின்றன. உன் பட்டறையும் அப்படி என்றால் ரிசப்ஷனில் அதை முதலிலேயே சொல். அங்கிருந்து பணம் ஒழுங்காக வரும் என்பதால் எங்கள் டாக்டர் அந்தக் கேஸ்களை மறுத்ததில்லை. இதெல்லாம் முடியும்வரை கையைக் கவனிக்காமல் விட்டுவிடாமல், சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே. கான் அரசு மருத்துவமனையில் காட்டிவிடு.