அழித்தாலும் குறையாத டேட்டாபேஸ் கோப்புகள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் கடையின் பில்லிங் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் டேட்டாபேஸ் கோப்பில் மூன்று ஆண்டுப் பழைய பில்களை அழித்தேன். அளவு ஒரு எம்.பி. கூடக் குறையவில்லையே?

பதில்: குறையாது. பதிவை அழித்தால் அது இருந்த இடம் காலியாகுமே தவிர, விண்டோஸிடம் திரும்பிப் போகாமல் கோப்புக்குள்ளேயே கிடக்கும். முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, எல்லாரும் வெளியேறிய பிறகு 'காம்பாக்ட் அண்டு ரிப்பேர்' கொடுங்கள்; அது காலியிடத்தை நீக்கிக் கோப்பைச் சுருக்கும். ஆக்சஸ் கோப்புக்கான 2 ஜி.பி. வரம்பை முட்டும் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: எஸ்.க்யூ.எல்.லைட் டேட்டாபேஸில் 'வேக்கம்' (கோப்பைச் சுருக்கும் கட்டளை) கொடுத்தால் டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது.

பதில்: அது கோப்பு முழுவதையும் புதிதாக எழுதுவதால், கோப்பின் அளவைப் போல இரு மடங்கு வரை காலியிடம் கேட்கும்.

கேள்வி: எஸ்.க்யூ.எல். சர்வரில் டேட்டா 4 ஜி.பி., லாக் (மாற்றங்களைக் குறித்து வைக்கும் கோப்பு) 90 ஜி.பி. இரவில் ஷ்ரிங்க் ஜாப் (கோப்புகளைச் சுருக்கும் தானியங்கி வேலை) ஓடியும் வளர்கிறது. லாக் கோப்பையே டெலீட் செய்யலாமா? அவசரம், அவசரம்!

பதில்: 'அவசரம்' என்று இரண்டு முறை எழுதியவர், ரெக்கவரி மாடல் (லாக்கை எப்படிக் கையாள வேண்டும் என்ற அமைப்பு) எது என்று ஒரு முறைகூட எழுதவில்லை. 'ஃபுல்' என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன். அந்த மாடலில், லாக் பேக்கப் எடுக்கப்படும் வரை ஒவ்வொரு மாற்றமும் லாக்கிலேயே தங்கும். ஃபுல் பேக்கப் (டேட்டாபேஸ் முழுவதன் நகல்) எத்தனை எடுத்தாலும் லாக் காலியாகாது என்பதை எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. 'சிஸ்.டேட்டாபேசஸ்' பட்டியலில் 'லாக்_ரீயூஸ்_வெயிட்_டெஸ்க்' பத்தியைப் பாருங்கள்; லாக் ஏன் காலியாகவில்லை என்பதை அது சொல்லும். அங்கே 'லாக்_பேக்கப்' என்றிருந்தால் மணிக்கு ஒரு முறையாவது லாக் பேக்கப் ஓட ஏற்பாடு செய்யுங்கள். 'ஆக்டிவ்_டிரான்சாக்‌ஷன்' என்றிருந்தால், முடிவடையாத மாற்றம் ஒன்று லாக்கைப் பிடித்து வைத்திருக்கிறது: யாரோ ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். காரணம் நீங்கிய பிறகு, லாக்கை மட்டும் ஒரே ஒரு முறை தேவையான அளவுக்கு ஷ்ரிங்க் செய்யலாம்.

இரவுதோறும் டேட்டாபேஸ் முழுவதையும் ஷ்ரிங்க் செய்யும் ஜாப்பை இன்றே நிறுத்துங்கள். கோப்பின் கடைசியில் இருக்கும் பேஜ்களை (டேட்டாவின் சிறு துண்டுகளை) எடுத்து முன்னால் கிடைத்த காலியிடங்களில் அது திணிப்பதால் இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) சிதறிப்போகிறது; அதைச் சரிசெய்ய ரீபில்டு (மறுபடி கட்டும் கட்டளை) கொடுத்தால் கோப்பு பழையபடி வளர்கிறது, லாக்கும் சேர்ந்து நிரம்புகிறது.

டெலீட் செய்யலாமா என்றா கேட்டீர்கள்? நான் பார்க்கப் போன ஓர் அலுவலகத்தில், சர்வீஸை வலுக்கட்டாயமாக நிறுத்தி எல்.டி.எஃப். கோப்பை, அதாவது லாக்கை, நீக்கியிருந்தார்கள். மறுபடி தொடங்கியபோது டேட்டாபேஸ் பெயருக்குப் பக்கத்தில் 'ரெக்கவரி பெண்டிங்' என்று வந்து நின்றது; டேட்டாபேஸ் திறக்கவில்லை. பேக்கப்பும் அதே டிஸ்க்கில்தான். இடமில்லாமல் பதினொரு நாள்களாக அது ஓடவே இல்லை. பேக்கப்பை வேறு டிஸ்க்கில் வையுங்கள், வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

கேள்வி: எஸ்.க்யூ.எல். சர்வர் 2022-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பின் 10 ஜி.பி. வரம்பில் லாக்கும் சேருமா?

பதில்: சேராது.

கேள்வி: மைஎஸ்க்யூஎல்லில் டேபிள்களை ட்ராப் செய்தும் (நீக்கியும்) 'ஐபிடேட்டா1' என்ற பொது டேட்டா கோப்பு சுருங்கவில்லை.

பதில்: தானாகச் சுருங்காது. முழுவதையும் டம்ப் (வெளியே எழுதிய நகல்) எடுத்து, கோப்புகளை நீக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும் முன் 'இன்னோடிபி_ஃபைல்_பெர்_டேபிள்' (ஒவ்வொரு டேபிளுக்கும் தனிக் கோப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கும் முன், அந்த டம்ப் வேறு கணினியில் ஏறுகிறதா என்றும் பாருங்கள்.