கதிர்வீச்சு உயிரியலில் பிஎச்.டி.: மகளைத் தடுக்காதீர்கள் அம்மா

எம்.எஸ்சி. முடிக்கப்போகும் மகள், கதிர்வீச்சு உயிருள்ள செல்களை என்ன செய்கிறது என்று ஆராயும் கதிர்வீச்சு உயிரியலில் பிஎச்.டி. செய்ய வேண்டும் என்கிறாள். அவளுடைய பெரியப்பாவோ, கடன் வாங்கியாவது பெரிய பேர் உள்ள பல்கலைக்கழகத்தில் டேட்டா சயின்ஸ் சேர்த்துவிடுங்கள் என்கிறார். "ரேடியேஷன் லேபில் இருந்தால் நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" என்று சித்தி வேறு கேட்டுவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது அம்மா. ஆனால் நான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தால் விண்ணப்பத்துக்கான கடைசித் தேதி போய்விடும்.

சித்தியின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த லேப்களில் கதிர்வீச்சு படுவது தட்டில் வளரும் செல்கள்மீது. ஈயக் கவசம் போட்ட பெட்டிக்குள் தட்டை வைத்துக் கதவை மூடினால்தான் எக்ஸ்-ரே கருவியே ஓடும். வேலை செய்பவர்கள் சட்டையில் டோஸ் அளக்கும் பேட்ஜ் இருக்கும். தொழில்ரீதியாகக் கதிர்வீச்சோடு புழங்குகிறவர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரைப்படி உச்சவரம்பு ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சால் உடலுக்கு வரும் பாதிப்பை அளக்கும் அலகு). இயற்கையிலிருந்தே உலகில் ஒருவருக்குச் சராசரியாக 2 முதல் 3 மில்லிசீவர்ட் வருகிறது. ஒழுங்காக நடக்கும் லேபில் ஒரு மாணவி அந்த 20-இன் பக்கத்தில்கூடப் போக மாட்டாள். கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், அதன்பின் வேலையால் கருவுக்குச் சேரும் டோஸ் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்ற பரிந்துரையும் உண்டு. சித்திக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

பெரியப்பா சொல்லும் படிப்பு மோசம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் மகளுக்கு அது எதற்கு என்பதுதான் என் கேள்வி. நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ப்ராஜெக்ட் சமயத்தில் அவள் வளர்த்த செல்களில் பூஞ்சை பிடித்து, மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், ஒருநாளும் அலுத்துக்கொள்ளவில்லை என்று. பிஎச்.டி.க்கு வேண்டிய தகுதி வேறென்ன? கோடிங்கில் விருப்பம் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. விருப்பமே இல்லாத படிப்புக்கு வீட்டை அடகு வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவள் கேட்கும் துறை எவ்வளவு சுவையானது என்று பாருங்கள். உடல் உள்வாங்கும் கதிர்வீச்சு ஆற்றலை அளக்கும் அலகு கிரே. உடல் முழுக்க ஒரே நேரத்தில் 4 கிரே டோஸ் விழுந்து, சிகிச்சையும் இல்லாவிட்டால் ஏறக்குறையப் பாதிப் பேர் இறந்துவிடுவார்கள். அந்த 4 கிரே உடலைச் சூடாக்கும் அளவோ ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். இவ்வளவு கொஞ்சம் ஆற்றல் எப்படி உயிரை எடுக்கிறது? அது டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுத்துவிடுகிறது. ஒரு கிரேக்கு ஒரு செல்லில் 20 முதல் 40 வரை இப்படி அறுபடும். செல் அவற்றை ஒட்டப் பார்க்கும். சரியாக ஒட்டினால் பிழைக்கும், தப்பாக ஒட்டினால் சாகும், இல்லையென்றால் பின்னாளில் புற்றுநோயாக மாறலாம். இந்தத் துறையின் வேலையே அந்த ஒட்டுதலைப் புரிந்துகொள்வதுதான்.

இதன் அடிப்படைச் சோதனையை 1956-இல் பக், மார்கஸ் என்ற இருவர் செய்தார்கள். எண்ணி வைத்த செல்களைத் தட்டில் விட்டு, கதிர்வீச்சு கொடுத்து, இரண்டு வாரம்போலக் காத்திருக்க வேண்டும். பிழைத்த செல் ஒவ்வொன்றும் பெருகி ஒரு கூட்டமாகும். ஊதாச் சாயம் ஊற்றிக் கழுவினால் தட்டில் புள்ளிபுள்ளியாகத் தெரியும். 50 செல்லுக்குமேல் உள்ள கூட்டத்தை மட்டும் எண்ண வேண்டும். இன்றைக்கும் லேப்களில் இதே சோதனைதான். பொறுமை இல்லாதவர்களுக்கு நரகம், உங்கள் மகளுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

விடை கிடைக்காத கேள்விகளும் நிறைய. ஆக்சிஜன் குறைந்த புற்றுநோய்ச் செல்லைக் கொல்ல ஏறக்குறைய மூன்று மடங்கு டோஸ் வேண்டும். அதை மருத்துவமனையில் எப்படிச் சமாளிப்பது? மொத்த டோஸையும் கண் இமைப்பதற்குள் கொடுத்தால் கட்டி சுருங்குகிறது, நல்ல திசு தப்பிக்கிறது என்று 2014-இல் எலிகளில் காட்டினார்கள். ஏன் அப்படி என்பது இன்னும் தீரவில்லை.

வேலைக்கு வருவோம். கதிர்வீச்சுப் புற்றுநோய் மருத்துவர்களுக்கு இது பயிற்சிக் காலத்தில் கட்டாயப் பாடம், அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு லுட்டீசியம்-177 மாதிரி கதிரியக்கப் பொருள் சேர்த்த மருந்துகள் செய்யும் நிறுவனங்கள், விபத்தில் எவ்வளவு டோஸ் பட்டது என்று ரத்தத்தின் குரோமோசோம்களைப் பார்த்துச் சொல்லும் லேப்கள், பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்புகள், அமெரிக்காவின் புரூக்ஹேவனில் நாசாவுக்காக இயங்குவது போன்ற விண்வெளிக் கதிர்வீச்சு ஆய்வுக்கூடங்கள் என்று இடங்கள் உண்டு. பேராசிரியர் பதவி ஒன்றுதான் வேண்டும் என்று உட்கார்ந்தால் கஷ்டம். இன்னொன்று, இந்தப் பட்டத்தால் மருத்துவ இயற்பியலாளராகி நோயாளிக்குச் சிகிச்சைத் திட்டம் போட முடியாது. அதற்குப் பயிற்சி தனி.

பணத்தில் மட்டும் நான் கறார். உதவித்தொகை இல்லாத பிஎச்.டி. வேண்டாம், எவ்வளவு பெரிய பேராக இருந்தாலும் சரி. நான்கிலிருந்து ஆறு வருஷம் ஆகும் படிப்பு இது. அத்தனை வருஷம் அவளுக்கு மாதாமாதம் பணம் வர வேண்டும், உங்களிடமிருந்து போகக் கூடாது.

அப்புறம், இந்தப் பெயரில் துறையைத் தேடினால் அதிகம் கிடைக்காது. இதற்கென்று தனித் திட்டம் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. புற்றுநோய் உயிரியல், உயிர்மருத்துவ அறிவியல் என்ற பெயர்களுக்குள் இது ஒளிந்திருக்கும். அதனால் அவள் கைடைத் தேடட்டும். கைடு யாரென்று தெரிந்ததும் கேட்க வேண்டியது: லேபுக்குச் சொந்தமாகக் கதிர்வீச்சுக் கருவி இருக்கிறதா, இல்லை நோயாளிகள் போனபிறகு ராத்திரியில் மருத்துவமனை மெஷினுக்குக் காத்திருக்க வேண்டுமா? நிதி எத்தனை வருஷத்துக்கு? கடைசியாக முடித்த இரண்டு பேர் எத்தனை வருஷம் எடுத்தார்கள், இப்போது எங்கே வேலை செய்கிறார்கள்? கடைசிக் கேள்வியை மட்டும் கைடிடம் கேட்காமல், அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகக் கேட்கச் சொல்லுங்கள்.