பில் இல்லாத பழைய சிலையை வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ராமேஸ்வரம் போயிருந்தபோது, தெரிந்தவர் மூலமாக ஒருவர் அரையடி உயர ஐம்பொன் அம்மன் சிலை ஒன்றைக் காட்டினார். முந்நூறு வருஷப் பழசு, ஒரு ஜமீன் வீட்டிலிருந்து வந்தது, நாற்பதாயிரம் கொடுத்தால் போதும் என்கிறார். ரசீது கேட்டேன். "இதுக்கெல்லாம் யாரும் பில் போட மாட்டாங்க சார்" என்றார். பூஜை அறையில் வைக்கத்தான் கேட்கிறேன். வாங்கலாமா? - வாசகர், பரமக்குடி

பதில்: வேண்டாம். அவர் சொல்வது பொய்யாக இருந்தால் உங்களுக்குப் பண நஷ்டம். உண்மையாக இருந்தால் அதைவிடப் பெரிய தொல்லை.

புதிதாக வார்த்த சிலையை மண்ணில் புதைத்தும் அமிலம் தடவியும் பழசாக்கி விற்கிறவர்கள் உண்டு. அது ஒரு பக்கம். நிஜமாகவே நூறு வருடத்தைக் கடந்த சிலை என்றால், 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் அதற்குப் பொருந்தும். இப்படிப்பட்டதை வியாபாரமாக விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். சிலையை வைத்திருப்பவர் அதைப் பதிவு அலுவலரிடம் பதிந்து, படத்துடன் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இதில் ஒரு காகிதம்கூட இல்லாமல் விற்பனைக்கு வருகிறது என்றால், எந்தக் கோயிலிலிருந்து கிளம்பிய சிலை என்ற சந்தேகம் வரத்தான் வேண்டும்.

திருட்டுப் பொருளை முழு விலை கொடுத்து வாங்கினாலும் அது உங்களுடையது ஆகாது. விற்றவருக்கே இல்லாத உரிமை வாங்கியவருக்கு எப்படி வரும்? திருட்டு என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்கினால் அது தனிக் குற்றம். பில் கிடையாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகு, "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு காவல் நிலையத்தில் எடுபடாது.

அந்த ஜமீன் கதையைக் கொஞ்சம் கவனியுங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் ஏறக்குறைய 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அங்கேயும் ஒரு கதை சொல்லப்பட்டது: சூடான் நாட்டுக்காரர் ஒருவர் 1970 வாக்கில் டெல்லியில் வாங்கிய சிலையாம். அந்த வருடத்தைக் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நம் சட்டம் வந்தது 1972-இல். திருட்டுக் கலைப்பொருள் வணிகத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல். இரண்டுக்கும் முன்பே சிலை வெளியே போய்விட்டது போலக் காகிதம் தயாரித்துவிட்டால் கேள்வி வராது என்ற கணக்கு. ஆனால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில், அதே நடராஜர் அதே கோயிலில் இருக்கும் 1994-ஆம் வருடப் படம் இருந்தது. 2014-இல் நடராஜர் இந்தியா திரும்பினார். அதை விற்ற கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர் 2011-இல் ஜெர்மனியில் பிடிபட்டு, உடையார்பாளையம் கோயில் சிலை வழக்கில் 2022-இல் கும்பகோணம் நீதிமன்றத்தில் பத்து ஆண்டுத் தண்டனை பெற்றார்.

சர்வதேச ஒப்பந்தம் இருக்கும்போதே இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். இந்தியா அதில் 1977-இல் சேர்ந்தது. ஒரு நாட்டின் சிலை இன்னொரு நாட்டில் கிடைத்தால் தூதரகம் வழியாகக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது நம்முடையது என்று நிரூபிக்கும் ஆதாரத்தைக் கேட்கிற நாடுதான் கொடுக்க வேண்டும். விவரம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு நியாயமான இழப்பீடும் தர வேண்டும். படமே இல்லாத சிலைக்கு என்ன ஆதாரம் காட்டுவது? உங்கள் ஊர்க் கோயில் திருமேனிகளுக்கு நாலு பக்கமும் எடுத்த தெளிவான படம் இருக்கிறதா என்று நிர்வாகத்திடம் ஒருமுறை கேளுங்கள். எனக்கு இது சிலை வாங்குவதைவிட முக்கியமான வேலையாகப் படுகிறது.

அதே ஒப்பந்தத்தில் வாங்குபவருக்கு உதவும் ஒரு பிரிவும் இருக்கிறது. பழம்பொருள் வியாபாரி ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வந்தது, கொடுத்தவர் பெயர், முகவரி, விலை எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைக்கும்படி நாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. நம் சட்டப்படியும் உரிமம் பெற்றவர் பதிவேடு வைத்தாக வேண்டும். ஆகவே "எத்தனை வருஷப் பழசு?" என்பதை விட்டுவிட்டு, "யாரிடமிருந்து எப்போது வாங்கினீர்கள், ஏட்டைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இன்டர்போலின் ஐடி-ஆர்ட் என்ற இலவசச் செயலியில் களவு போன கலைப்பொருள்களின் பட்டியலைத் தேடிப் பார்க்கலாம். அதில் இல்லை என்பதால் மட்டும் பொருள் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள்.

பூஜைக்குத்தான் என்றால், பூம்புகார் விற்பனை நிலையத்திலோ சுவாமிமலை ஸ்தபதிகளிடமோ புதிய சிலையைப் பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டை இடிக்கப் போகிறோம். வாப்பாவின் வாப்பா காலத்து அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) கையெழுத்து ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. வேலைப்பாடுள்ள நிலைக்கதவுக்குக் காரைக்குடி வியாபாரி விலை பேசிவிட்டார். ஏடுகளை, சிங்கப்பூரில் இருக்கும் காக்கா (அண்ணன்) பெருநாளுக்கு வந்து திரும்பும்போது கொண்டு போகிறேன் என்கிறார். சொந்தப் பொருள்தானே? - வாசகி, கீழக்கரை

பதில்: சொந்தப் பொருள்தான். வீட்டில் வைத்திருக்கலாம், ஊருக்குள் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டு போகும்போது சட்டம் வேறு. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி என்றால் 75 வருடம் ஆனாலே போதும், தொல்பொருள் ஆகிவிடும். அதைத் தனியாள் ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. குடும்பச் சொத்து என்பதற்காகச் சட்டம் விலக்கு தரவில்லை. காக்காவிடம் இதை இப்போதே சொல்லிவிடுங்கள்.

அவர் ஆசைப்படுவது ஏட்டில் இருக்கும் எழுத்தை என்றால் அதற்கு வழி இருக்கிறது. முதலில் நல்ல முறையில் ஸ்கேன் எடுத்துப் படங்களை அனுப்புங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் இந்த வேலையைப் பற்றி யோசனை கேட்கலாம். கீழக்கரை வீடுகளில் இருக்கும் அரபுத்தமிழ் ஏடுகள் ஒருமுறை போனால் திரும்பக் கிடைக்கிற சரக்கு அல்ல. வீட்டை இடிக்கும் அவசரத்தில் பெட்டியோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கதவு: மரச்சிற்பங்களும் பதிவு செய்ய வேண்டிய பட்டியலில் வருகின்றன. விற்பதற்கு முன் படங்களை எடுத்துக்கொண்டு, சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள இந்தியத் தொல்லியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: அழகன்குளம் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் குழி வெட்டும்போது களிம்பேறிய செப்புக் காசுகள் ஒரு கலயத்தில் கிடைத்தன. காசுக்கு ஐந்நூறு தருவதாக ஒருவர் வந்து நிற்கிறார். - வாசகர், ராமநாதபுரம்

பதில்: விற்காதீர்கள், கழுவவும் செய்யாதீர்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. மறைத்தால் பங்கும் போகும், தண்டனையும் வரும்.

உங்கள் ஊர் சாதாரண ஊர் இல்லை. 1986-87 முதல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே பல கட்டங்களாகத் தோண்டி, ரோமானியக் காசுகளையும் மதுச்சாடித் துண்டுகளையும் கப்பல் கீறிய பானை ஓட்டையும் எடுத்திருக்கிறது. உங்கள் கலயத்தில் இருப்பது பாண்டியர் காசாக இருக்கலாம், யாழ்ப்பாண மன்னர்கள் "சேது" என்று தமிழில் பொறித்த காசாகவும் இருக்கலாம். எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், கூட எந்த ஓட்டோடு கிடந்தது என்பது தெரிந்தால்தான் அந்தக் காசு ஆய்வாளருக்குப் பேசும். ஒவ்வொன்றாக ஐந்நூறுக்குப் பிரிந்து போனால் அந்த விவரம் திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. குழியை அப்படியே விட்டு, படம் எடுத்து, முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: இணையத்தில் "சேதுபதி காலத்து விளக்கு" என்று போட்டிருந்ததைப் பதினெட்டாயிரத்துக்கு வாங்கினேன். பாத்திரக் கடைக்காரர் புதுசு என்கிறார். விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். - வாசகி, தொண்டி

பதில்: பொய் சொல்லி விற்றது நியாயமற்ற வணிக நடைமுறை. 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். தீரவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். அவர்கள் விளம்பரத்தை எடுத்துவிடுவதற்குள் அதை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.